எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதய ஸ்கேன்: சீட்டு கையில் வந்ததும் என்ன செய்வது?

எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் கூட்டு மருந்தைத் தருகிற ஏ.ஆர்.டி. மையத்தில் ஒழுங்காக மாத்திரை வாங்குகிறீர்கள். ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, அதாவது வைரல் லோடு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை நன்றாக இருக்கிறது. ஒரு நாள் மருத்துவர், "வயசு நாற்பத்தஞ்சு தாண்டியாச்சு, படி ஏறினா மூச்சு வாங்குதுன்னும் சொல்றீங்க, ஒரு எக்கோ எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதித் தருகிறார். பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போதே மனசு ஓடத் தொடங்கிவிடும். கிருமி இதயத்துக்கும் போய்விட்டதா? இவ்வளவு நாள் சாப்பிட்ட மாத்திரைதான் காரணமா? ஸ்கேன் சென்டரில் 'பாசிட்டிவ்' என்று சொல்ல வேண்டுமா?

முதல்முறையாக அந்தச் சீட்டை வாங்கியவருக்கும், கூடத் துணைக்குப் போகிறவருக்கும்தான் இது. மருத்துவரின் இடத்தை இந்தக் கட்டுரை பிடிக்காது. அவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் கேட்காவிட்டாலும் நீங்களாக எதைச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்லும்.

இதயத்தை ஏன் பார்க்கிறார்கள்?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. அதன் பிறகு பல ஆண்டுகள், இந்த நோய் வந்தவரின் இதயம் நாற்பது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு காலம் இருப்பார் என்றே யாரும் நினைக்கவில்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று. அன்று முப்பது வயதில் மாத்திரை தொடங்கியவர் இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கிறார். ஐம்பது வயதுக்காரருக்கு வருகிற சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு எல்லாம் அவருக்கும் வரும். கொஞ்சம் முன்னதாகவே வரும் என்பதுதான் சிக்கல்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதயநோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வைரஸ் அடங்கிக் கிடந்தாலும் உடலின் எதிர்ப்பு மண்டலம் முழுதாக ஓய்வெடுப்பதில்லை. உள்ளுக்குள் ஒரு மெல்லிய அழற்சி கனன்றுகொண்டே இருக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிய அது வழி செய்கிறது. இதோடு பீடி சிகரெட், உப்பு, சர்க்கரை, குடும்பத்தில் வருகிற இதயநோய் எல்லாம் சேர்கின்றன. ஆரம்ப காலத்தில் ஸ்டாவுடின் போன்ற மருந்துகளைச் சாப்பிட்டு, கன்னம் ஒட்டி வயிறு மட்டும் பெருத்துப்போனவர்களுக்கு அந்தக் காலத்துக் கொழுப்புக் கோளாறும் ஒரு பாக்கி.

"அப்படியானால் மாத்திரையைக் குறைக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. 2006-இல் வெளியான ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வில், ஏ.ஆர்.டி.யை விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்குத்தான் இதயக் கோளாறுகளும் மரணமும் அதிகமாக வந்தன. இதயத்துக்கு முதல் பாதுகாப்பே அந்த மாத்திரைதான். ஸ்கேனுக்குப் போகிற அன்றும் அதை விடக்கூடாது.

முதல் படி: இந்த ஸ்கேன் எந்தக் கேள்விக்கு?

'இதய ஸ்கேன்' என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, ஒவ்வொரு ஸ்கேனும் ஒவ்வொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எக்கோ இதயத்தின் தசையையும் வால்வுகளையும் காட்டும். ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று நேராகச் சொல்லாது. சாயம் ஏற்றி எடுக்கிற சி.டி. ஆஞ்சியோ குழாயைக் காட்டும். இதயத்தின் பலத்தைப் பற்றி அதிகம் பேசாது. "எக்கோ நார்மல்னு சொன்னாங்க, அப்புறம் எப்படி அட்டாக் வந்துச்சு?" என்று பல வீடுகளில் கேட்கிற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஆகவே சீட்டை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: "டாக்டர், இதில் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள்?" மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் பெரும்பாலும் எக்கோ. நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் விடுகிறது என்றால் ரத்தக்குழாய் பற்றிய கேள்வி. தொந்தரவே இல்லை, வயதும் கொழுப்பும் மட்டும் கவலை தருகின்றன என்றால் அது வேறு கணக்கு. கேள்வி இல்லாமல் எடுக்கிற ஸ்கேன், ஃபைலைத் தடிமனாக்குவதைத் தவிர ஒன்றும் செய்யாது. தனியார் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ்களைப் பற்றி என் அபிப்பிராயமும் அதுதான்.

இந்தக் கட்டுரையைப் படிக்கிற நேரத்திலேயே நெஞ்சு நடுவில் பாரம் வைத்தாற்போல வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, திணறல் இருந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். வாயு என்று சோடா குடித்துப் பார்க்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்துக்கு வேண்டியது ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும்தான்.

இரண்டாம் படி: ஸ்கேனுக்கு முன்னால் ஒரு கணக்கு

ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., கொழுப்புப் பரிசோதனை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ஒரு ஈ.சி.ஜி. இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சி.டி. ஆஞ்சியோவின் செலவில் சிறு பங்குதான் ஆகும். அரசு மருத்துவமனையில் இவற்றை ஏ.ஆர்.டி. மையம் வழியாகவே முடித்துக்கொள்ளலாம். ஏ.ஆர்.டி.யில் டோலுடெக்ராவிர் என்ற மருந்தைத் தொடங்கிய பிறகு எடை கூடியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த மருந்தில் எடை கூடுவது தெரிந்த விஷயம்தான். சர்க்கரையும் அழுத்தமும் பின்னாலேயே வரக்கூடும்.

மருத்துவர்கள் வயது, கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் போட்டு, பத்து வருடத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று கணக்கிடுவார்கள். பொதுமக்களுக்காகச் செய்த கணக்கு அது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் பல நேரம் குறைத்தே காட்டுகிறது.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. 2023-இல் ரிப்ரீவ் என்ற ஆய்வின் முடிவு வந்தது. ஏ.ஆர்.டி. எடுத்துக்கொண்டிருந்த, 40 முதல் 75 வயது வரையுள்ள 7,769 பேர் அதில் கலந்துகொண்டார்கள். இந்தியா உட்படப் பல நாடுகளைச் சேர்ந்தவர்கள். கணக்குப்படி எல்லோருமே குறைந்த அல்லது நடுத்தர ஆபத்து உள்ளவர்கள். பாதிப் பேருக்குத் தினம் 4 மி.கி. பிட்டாவாஸ்டாடின் (கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை), மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் வெற்று மாத்திரைக்காரர்களில் ஏழு பேருக்குச் சற்று மேல் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய சம்பவம் நடந்தது. ஸ்டாடின் சாப்பிட்டவர்களில் ஐந்துக்கும் கீழே. அதாவது 35 சதவீதம் குறைவு.

இதனால் உங்களுக்கு என்ன? உங்களுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, தொந்தரவு எதுவும் இல்லை என்றால், "எனக்கு எந்த ஸ்கேன்?" என்பதற்கு முன் "எனக்கு ஸ்டாடின் வேண்டுமா?" என்று கேளுங்கள். பல பேருக்கு ஸ்கேன் எடுக்காமலே அந்த மாத்திரையைத் தொடங்கலாம். கையில் ஐந்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் அதை சி.டி.யில் போடுவதைவிட மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

மூன்றாம் படி: மாத்திரைப் பட்டியலைக் கையில் எடுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஸ்கேன் இயந்திரம் எச்.ஐ.வி. உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே மாதிரிதான் படம் பிடிக்கும். வித்தியாசம் வருவது, ஸ்கேனுக்கு முன் கொடுக்கிற மருந்துகளில்.

முதலில் உங்கள் மாத்திரை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் சாப்பிடுவது டி.எல்.டி. என்கிற ஒற்றை மாத்திரை: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். இரண்டாம் கட்ட மருந்துக்கு மாறியவர்கள் அட்டாசனாவிர், லோபினாவிர், டாருனாவிர் இவற்றில் ஒன்றை ரிட்டோனாவிருடன் சேர்த்துச் சாப்பிடுவார்கள். அந்த 'ரிட்டோனாவிர்' என்ற பெயரைத்தான் கவனிக்க வேண்டும். மற்ற மருந்துகள் உடைந்து வெளியேறுவதைக் கல்லீரலில் தடுத்து நிறுத்துவதுதான் அதன் வேலையே. அதனால் கூட வருகிற பல மருந்துகள் ரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேரலாம்.

சி.டி. ஆஞ்சியோவுக்கு இதயத் துடிப்பு நிதானமாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60, 65-க்குள் இருந்தால் படம் தெளிவாக வரும். அதற்காக மெட்டோபுரோலால் அல்லது ஐவாபிரடின் மாத்திரை தருவார்கள். ரிட்டோனாவிர் சாப்பிடுகிறவருக்கு ஐவாபிரடின் கொடுக்கக் கூடாது. துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். ஸ்கேன் சென்டரில் இருப்பவருக்கு நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாது, சொன்னால்தான் தெரியும். அட்டாசனாவிர், லோபினாவிர் சாப்பிடுகிறவர்களுக்கு இதயத்தின் மின்கடத்தல் கொஞ்சம் தாமதப்படுவதும் உண்டு. மெட்டோபுரோலால் கொடுக்கும் முன் ஈ.சி.ஜி. பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, ரத்தக்குழாயை விரிக்க நாக்கின் கீழ் வைக்கிற நைட்ரேட் மாத்திரை அல்லது ஸ்பிரே. சில்டனாஃபில், டடாலாஃபில் போன்ற ஆண்மைக்குறைவு மாத்திரையைச் சமீபத்தில் சாப்பிட்டிருந்தால் நைட்ரேட் கொடுத்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று சரியும். ரிட்டோனாவிர் கூட இருந்தால் அந்த மாத்திரை உடம்பில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் தங்கும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். சிஸ்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் தினமும் கேட்கிற விஷயம்தான்.

மூன்றாவது கிரியாட்டினின். குழாய்களைப் படத்தில் காட்ட ஏற்றுகிற சாய மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும். அதனால் முன்கூட்டியே கிரியாட்டினின் பார்ப்பார்கள். டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த எண் லேசாக, 0.1 அல்லது 0.2 அளவுக்கு, கூடித் தெரியும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கிரியாட்டினின் வெளியேறுகிற ஒரு வழியை அந்த மருந்து அடைப்பதால் வருவது. டெனோஃபோவிரோ உண்மையிலேயே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. ஒரே மாத்திரைக்குள் இரண்டும் இருப்பதால், எண் கூடியிருந்தால் அதை எடைபோட வேண்டியவர் உங்கள் ஏ.ஆர்.டி. மருத்துவர். பழைய கிரியாட்டினின் ரிப்போர்ட்டுகளைக் கொண்டுபோனால் அவருக்கும் வேலை சுலபம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஸ்கேன் அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துத் திரும்பத் தொடங்கச் சொல்வார்கள்.

ஆஸ்துமா, முன்பு சாய ஊசியில் வந்த ஒவ்வாமை, கர்ப்பம் இவற்றையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எக்கோ

பெரும்பாலானவர்களுக்கு முதல் ஸ்கேன் இதுவாகத்தான் இருக்கும். கர்ப்பிணியின் வயிற்றில் பார்க்கிற அதே ஒலியலை நுட்பம்தான். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, பட்டினி வேண்டாம். முன்புறம் பட்டன் வைத்த சட்டையோ நைட்டியோ போட்டுப் போனால் வசதி. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, நெஞ்சில் ஜெல் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். பெண்கள் தங்களுக்குப் பெண் டெக்னீஷியனோ, கூட ஒரு பெண் ஊழியரோ வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் தேடுவது 'ஈ.எஃப்.' என்ற எண்ணை. இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பது அது. 55-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல கணக்கு. நூறு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். யாருக்கும் நூறு இருக்காது. 40-க்குக் கீழே போனால் இதயம் தெளிவாகவே பலவீனமாகியிருக்கிறது, மருந்து தொடங்க வேண்டும். மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில், சி.டி.4 மிகவும் இறங்கியவர்களின் இதயம் பலூன்போல வீங்கிச் செயலிழப்பது அடிக்கடி நடந்தது. ஒழுங்காக ஏ.ஆர்.டி. எடுப்பவர்களிடம் இப்போது அது அரிது.

இப்போது அதிகம் பார்ப்பது 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்ற வரி. இதயம் சுருங்குவதில் குறையில்லை, சுருங்கியபின் தளர்ந்து விரிவதில் கொஞ்சம் விறைப்பு என்று பொருள். வயதானவர்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் எச்.ஐ.வி. இல்லாமலே இது வரும். உள்ளவர்களுக்குச் சற்று முன்னதாக வருகிறது. இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதுதான் இதற்குச் சிகிச்சை.

'ஆர்.டபிள்யூ.எம்.ஏ. இல்லை', அதாவது இதயச் சுவரின் அசைவில் குறையில்லை, என்று இருந்தால் நல்லது. சுவரின் ஏதோ ஒரு பகுதி சரியாக அசையவில்லை என்று இருந்தால், அந்தப் பகுதிக்கு ரத்தம் போகிற குழாயில் எப்போதோ அடைப்பு வந்திருக்கலாம்.

நுரையீரல் ரத்த அழுத்தம் பற்றி 'ஆர்.வி.எஸ்.பி.' அல்லது 'பி.ஏ.எச்.' என்று எழுதியிருக்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்கு நுரையீரல் தமனிகளில் அழுத்தம் கூடுகிற நோய் வருகிறது. அரிதானது, ஆனால் விட்டுவிடக் கூடாதது. எக்கோ தருவது ஒரு ஊகக் கணக்குத்தான். எண் கூடுதலாக இருந்தால் வேறு பரிசோதனைகளால் உறுதி செய்வார்கள். காரணமில்லாமல் மூச்சு வாங்குகிறவர், தலைசுற்றி விழுகிறவர் ரிப்போர்ட்டில் இந்த வரியைக் கட்டாயம் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக 'பெரிகார்டியல் எஃப்யூஷன்', இதயத்தைச் சுற்றி நீர். மிகச் சிறிய அளவு பல பேருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் நம் ஊரில், எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு நீர் கணிசமாகச் சேர்ந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காசநோயை. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை இருக்கிறதா என்று நீங்களே யோசித்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். குணப்படுத்தக்கூடிய நோய் இது, தாமதம்தான் ஆபத்து.

டி.எம்.டி.

ஓடும் பட்டையில் நடக்கவிட்டு ஈ.சி.ஜி. எடுப்பது. இது படமே இல்லை என்றாலும் எக்கோவோடு ஜோடியாக எழுதுவார்கள். மலிவு. நடக்க முடிகிறவர்களுக்கு, நடக்கும்போது வலி வருகிறதா என்று பார்க்க உதவும். ஆனால் குழாயில் பாதிக்கும் குறைவாக அடைத்திருக்கிற படிவுகள் இதில் சிக்காது.

ஐந்தாம் படி: கால்சியம் ஸ்கோரும் சி.டி. ஆஞ்சியோவும்

இரண்டும் ஒரே இயந்திரத்தில் எடுப்பவை, ஆனால் வேறு வேறு. கால்சியம் ஸ்கோருக்கு ஊசியும் சாயமும் கிடையாது. கதிர்வீச்சு சுமார் ஒரு மில்லிசீவர்ட். நாம் எல்லோரும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு வருடத்தில் வாங்குவது இரண்டு, மூன்று மில்லிசீவர்ட். இதயக் குழாய்களில் சுண்ணாம்புபோல் இறுகிய படிவு எவ்வளவு என்று ஒரு எண் வரும். பூஜ்யம் என்றால் இறுகிய படிவு இல்லை. 100-ஐத் தாண்டினால் ஸ்டாடினை இனியும் தள்ளிப்போட முடியாது. 400-க்கு மேல் என்றால் படிவு மிக அதிகம்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் இந்தப் பூஜ்யத்தை முழுசாக நம்பக் கூடாது. அவர்களுடைய குழாய்களில் இன்னும் இறுகாத, மென்மையான படிவு அதிகம் காணப்படுகிறது. கால்சியம் ஸ்கோரின் கண்ணுக்கு அது தெரியாது. வெடித்து மாரடைப்பை உண்டாக்கும் குணம் அந்த மென்மையான படிவுக்குத்தான் அதிகம். ரிப்ரீவ் ஆய்வின் ஒரு பகுதியாக அமெரிக்காவில் எழுநூற்றுச் சொச்சம் பேருக்கு சி.டி. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள். யாருக்கும் இதயநோய் என்று அதுவரை தெரியாது. ஏறக்குறைய பாதிப் பேரின் குழாயில் படிவு இருந்தது. ஸ்டாடின் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு வருடத்தில் அந்த மென்மையான படிவு, வெற்று மாத்திரைக்காரர்களோடு ஒப்பிட்டால், 7 சதவீதம் குறைந்தது.

அப்படியானால் எல்லோரும் சி.டி. ஆஞ்சியோவே எடுத்துவிடலாமே? தொந்தரவு இல்லாதவருக்கு அது வேண்டியதில்லை. படிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாற்பது தாண்டியவருக்குச் சொல்லப்போகிற மருந்து பெரும்பாலும் அதே ஸ்டாடின்தான். நெஞ்சு வலியோ, சந்தேகமான டி.எம்.டி.யோ இருக்கிறவருக்குத்தான் இந்த ஸ்கேனால் முழுப் பலன். ஸ்டாடின் வேண்டுமா என்று மருத்துவரும் நீங்களும் இரண்டு மனசாக இருந்தால் கால்சியம் ஸ்கோர் உதவலாம்.

சி.டி. ஆஞ்சியோ அன்று: நான்கு மணி நேரம் திட உணவு வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். காபி, டீ அன்று காலையிலிருந்தே வேண்டாம், துடிப்பை ஏற்றிவிடும். ஏ.ஆர்.டி. மாத்திரையை வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். கையில் ஊசி போட்டு, நெஞ்சில் ஈ.சி.ஜி. பட்டைகள் ஒட்டி, துடிப்பு இறங்கும்வரை உட்கார வைப்பார்கள். இந்தக் காத்திருப்புதான் நீளம். உள்ளே போனால் சில நிமிடம்தான். 'மூச்சை இழுங்க, நிறுத்துங்க' என்று ஒலிபெருக்கியில் குரல் வரும். அந்தச் சில விநாடிகள் அசையக் கூடாது. சாயம் ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் கழித்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றும். கழித்திருக்க மாட்டீர்கள். முடிந்ததும் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

ரிப்போர்ட்டில் 'கேட்-ராட்ஸ்' என்று 0 முதல் 5 வரை ஒரு எண் இருக்கும். 0 என்றால் படிவு இல்லை. 1, 2 என்றால் அடைப்பு 50 சதவீதத்துக்குக் கீழே. மருந்தும் வாழ்க்கை முறையும் போதும். 3 என்றால் 50 முதல் 69 வரை. மேற்கொண்டு பார்க்க வேண்டியிருக்கலாம். 4 என்றால் 70-க்கு மேல், 5 என்றால் முழு அடைப்பு. அதே படத்தில் நுரையீரலின் ஒரு பகுதியும் விழும். எப்போதோ காசநோய் வந்து குணமானவர்களுக்குப் பழைய தழும்பு தெரியும். அதையும் ரிப்போர்ட்டில் எழுதிவிடுவார்கள். புதுசாக ஏதோ வந்துவிட்டது என்று பயப்படும் முன் பழைய மார்பு எக்ஸ்ரேயை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எம்.ஆர்.ஐ., அணு ஸ்கேன்

இதயத் தசையில் அழற்சியோ தழும்போ இருக்கிறதா என்று பார்ப்பதில் எம்.ஆர்.ஐ.யை மிஞ்ச எதுவும் இல்லை. ஈ.எஃப். குறைந்து காரணம் தெரியாதபோது எழுதுவார்கள். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் குழாய்க்குள் படுத்து, சத்தத்தைத் தாங்க வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காக மட்டும் இதை எடுக்கத் தேவையில்லை. டி.எம்.டி.யில் நடக்க முடியாதவர்களுக்கு, தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க அணு மருத்துவ ஸ்கேன் உண்டு. ரத்தக்குழாய் அழற்சியைக் காட்டுகிற பெட் ஸ்கேன் இப்போதைக்கு ஆராய்ச்சியாளர்களின் கருவி.

யாரிடம் சொல்ல வேண்டும், யாரிடம் வேண்டாம்

ஸ்கேனை எழுதுகிற மருத்துவருக்கும், ஸ்கேன் அறையில் மருந்து கொடுக்கிறவருக்கும் உங்கள் மாத்திரைப் பெயர்கள் தெரிந்தே ஆக வேண்டும். ஏன் என்று மேலே சொல்லியாகிவிட்டது. வரவேற்பு மேசையில் பெயர் பதிகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கூட்டத்துக்கு நடுவில் உரக்கச் சொல்ல மனமில்லையா? மாத்திரைப் பட்டியலை ஒரு தாளில் எழுதி மடித்து, "இதை டாக்டர் பார்க்கணும்" என்று கொடுத்துவிடுங்கள்.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சையை மறுப்பதையும், பாரபட்சமாக நடத்துவதையும் அது தடை செய்கிறது. உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் நிலையை வெளியே சொல்லக் கூடாது. சிகிச்சையில் நேரடியாகப் பங்குள்ள மருத்துவர்கள் தங்களுக்குள் தேவையான அளவு பகிர்ந்துகொள்ளலாம். 'கடைசி ஆளாகத்தான் எடுப்போம்', 'கிருமிநீக்கத்துக்குத் தனிக் கட்டணம்' என்று இழுத்தால் அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. எக்கோ கருவி தோலில் படுகிறது, அவ்வளவே. சி.டி.க்குப் போடுகிற ஊசியை யாருக்குப் போட்டாலும் ஒரே தடவை பயன்படுத்தி எறிந்துவிட வேண்டியதுதான். எழுத்தில் காரணம் கேளுங்கள். பாதி நேரம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மருத்துவமனையின் புகார் அதிகாரி, பிறகு மாநில அளவிலான ஆம்பட்ஸ்மன் என்கிற குறைதீர்ப்பாளர். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச உதவி எண்ணிலோ, ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடமோ கேளுங்கள்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எக்கோவும் சி.டி.யும் உண்டு. காத்திருப்பு நீளம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்களுக்கு எழுதிய ஸ்கேன் அதில் வருமா என்று காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிட்டுப் பிறகு தனியாரைத் தேடுங்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகு

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று இதய மருத்துவருக்கு, ஒன்று ஏ.ஆர்.டி. மையத்துக்கு. இந்த இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள் என்று நம்பியிருக்காதீர்கள். நடுவில் தாளைச் சுமக்கிறவர் நீங்கள்தான்.

ஸ்டாடின் எழுதினால் எந்த ஸ்டாடின் என்று பாருங்கள். ரிட்டோனாவிர் சாப்பிடுகிறவருக்குச் சிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின் இரண்டும் ஆகவே ஆகாது. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் கொடுக்கலாம், ஆனால் அளவுக்கு வரம்பு உண்டு. டோலுடெக்ராவிர்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது மெட்ஃபார்மின் அளவு. டோலுடெக்ராவிர் அதை ரத்தத்தில் கூட்டும் என்பதால் ஒரு நாளைக்கு 1,000 மி.கி.க்கு மேல் போக வேண்டாம் என்பார்கள். ஏ.ஆர்.டி. மருந்துகளில் அபாகாவிர் சாப்பிடுகிறவருக்கு இதயத்தில் கோளாறு தெரியவந்தால், வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. நீங்களாக நிறுத்துவது நியாயமில்லை.

அடைத்த குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைக்கிற நிலை வந்தால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருவார்கள். அவற்றில் டிக்காகிரிலார், ரிட்டோனாவிரோடு சேரக் கூடாதது; குளோபிடோக்ரெல்லின் வேலையை ரிட்டோனாவிர் மட்டுப்படுத்திவிடும். அவசரத்தில் இதையெல்லாம் நினைத்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் அந்த மாத்திரைப் பட்டியலின் ஒரு படத்தைக் கூட இருக்கிறவரின் போனிலும் போட்டுவையுங்கள். உங்கள் நிலை தெரிந்த ஒருவராக அவர் இருக்க வேண்டும்.

எக்கோ நார்மல் என்றால், புதிதாகத் தொந்தரவு எதுவும் வராதவரை வருடா வருடம் எடுக்க வேண்டியதில்லை. சி.டி. எடுத்தவர்கள் காகித ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் படிவு வளர்ந்ததா, அடங்கியதா என்று மருத்துவரால் சொல்ல முடியும்.